தோலின் காவல் தளரும்போது

முழங்கையின் உட்புறத்தில் ஒரு திரவத்தைத் தடவுகிறோம். அதை உண்ணவில்லை, முகரவும் இல்லை. சில நிமிடங்கள் கழிகின்றன. பூண்டு தின்றாற்போன்ற ஒரு சுவை நாவில் தோன்றுகிறது. நம் மூச்சில் பூண்டு நாற்றம் வீசுவதாக அருகில் இருப்போர் கூறுகின்றனர். இது மாயம் அன்று. டைமெதில் சல்பாக்சைடு என்னும் அத்திரவம் தோலைக் கடந்து குருதியிற் கலக்கிறது. அதன் ஒரு பகுதி உடலுக்குள் டைமெதில் சல்பைடு என்னும் ஆவியாக மாறி நுரையீரல் வழியே வெளிவருகிறது. பூண்டு நாற்றம் அந்த ஆவியினுடையதே.

ஆற்றில் நெடுநேரம் நீந்தினாலும் உடலுக்குள் நீர் புகுந்து நாம் ஊதிப் போவதில்லை. மழையில் நனைந்தால் ஆடை ஊறும், உடல் ஊறாது. நீரையே வெளியில் நிறுத்திவிடும் தோல், இத்திரவத்துக்கு மட்டும் வழிவிடுவது ஏன்? அதனினும் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. இத்திரவம் தனியே நுழைவதோடு நில்லாமல், தன்னிற் கரைந்துள்ள பிற பொருள்களையும் உள்ளே செல்ல விடுகிறது. அப்பொருள் மருந்தாயின் நோய் தீரும். நஞ்சாயின் உயிர்க்கே கேடு நேரலாம். இவ்விரண்டையும் வேறு பிரித்தறியும் ஆற்றல் அத்திரவத்துக்கு இல்லை. பயிர்ப் பாதுகாப்பிலும் பொதுச் சுகாதாரத்திலும் பணிபுரிவோரும், உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர்களும் இப்பொருளை அறிந்திருத்தல் நலம்.

செங்கல்லும் சாந்தும்

வளர்ந்த மனிதனின் தோலின் பரப்பு ஏறத்தாழ 1.5 முதல் 2 சதுர மீட்டர். அது பல அடுக்குகளால் ஆயது. ஆயினும் அயற்பொருள் புகாமற் காக்கும் பெரும்பணியைச் செய்வது அவற்றுள் யாவற்றினும் மேலே உள்ள மெல்லிய அடுக்கு ஒன்றே. இதனைக் கொம்புப்படலம் என்பர். மாட்டின் கொம்பிலும் நம் நகத்திலும் உள்ள கெரட்டின் வகைப் புரதம் இதில் நிறைந்திருப்பதே இப்பெயர்க்குக் காரணம். இதன் கனம் மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு முதல் இரு பங்கு வரைதான். அதற்குள் இறந்து தட்டையாகிப் போன செல்கள் பதினைந்து இருபது வரிசைகளாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்பட்டுள்ளன. உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் மட்டும் இப்படலம் தடித்திருக்கும். பசை நாடாவைத் தோலில் ஒட்டி உரித்து, மீண்டும் ஒட்டி உரித்து, இப்படலத்தைச் சிறிது சிறிதாக அகற்றிப் பார்த்தனர் ஆராய்ச்சியாளர். படலம் தேயத் தேய, உடலின் நீர் அவ்விடத்திலிருந்து பெருமளவில் ஆவியாகி வெளியேறுவது தெரிந்தது. காவல் எங்கே இருக்கிறது என்பது இவ்வாறு புலனாயிற்று.

இப்படலத்தின் அமைப்பை விளக்க, அமெரிக்க நாட்டுத் தோல் மருத்துவ அறிஞர் பீட்டர் எலியாஸ் செங்கற் சுவரை உவமை கூறினார். இறந்த செல்கள் செங்கற்கள். அவற்றிடையே நிரம்பியுள்ள கொழுப்புப் பொருள் சாந்து. செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் ஆகிய மூவகைப் பொருள்களின் கலவையே அச்சாந்து. உவமை பொருத்தமானதே. ஆயினும் ஒரு வேறுபாட்டை மாணவர்க்குச் சொல்லித் தருவது நன்று. நம் வீட்டுச் சுவரில் வலிமை செங்கல்லினுடையது. சாந்து அவற்றை இணைத்து நிற்பது. தோலிலோ செங்கல் நீரை உறிஞ்சி ஊறும் இயல்புடையது. நீரைத் தடுத்து நிறுத்துவது சாந்தே. வெளியிலிருந்து நுழையும் பொருளும் பெரும்பாலும் அச்சாந்தின் வழியே, செங்கற்களைச் சுற்றிச் சுற்றி வளைந்துதான் செல்ல வேண்டும். படலத்தின் கனம் சிறிதாயினும் நடந்து கடக்க வேண்டிய தொலைவு அதைப்போற் பல மடங்காகிறது.

இப்படலத்துக்குக் கீழே உயிருள்ள செல்கள் உள்ளன. அவை ஒவ்வொன்றையும் ஒரு சவ்வு சூழ்ந்திருக்கிறது. சிவப்பணுக்களிலிருந்து பிரித்தெடுத்த கொழுப்பை நீரின்மேற் பரப்பி அளந்த கோர்ட்டர், கிரெண்டல் என்னும் டச்சு அறிஞர் இருவர், அது அணுக்களின் பரப்பைப்போல் இருமடங்கு இருக்கக் கண்டனர். எனவே சவ்வு என்பது இரண்டு கொழுப்பு வரிசைகள் எதிரெதிராக அமைந்த படலம் என்று 1925-இல் முடிவு கூறினர். அதன் கனம் ஏறத்தாழ ஐந்து நானோமீட்டர். அஃதாவது, ஒரு மில்லிமீட்டரை இரண்டு இலட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. அப்படலம் அசைவற்ற சுவர் அன்று என்றும், கொழுப்பும் புரதமும் அதில் மிதந்து நகர்கின்றன என்றும் 1972-இல் சிங்கர், நிக்கல்சன் என்போர் விளக்கினர்.

கொம்புப்படலத்தின் சாந்துக்கும் உயிருள்ள செல்லின் சவ்வுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு நெய்க்கிண்ணம் காட்டும். மார்கழியில் உறைந்து கிடக்கும் நெய்யைப் போன்றது சாந்து. உருகிய நெய்யைப் போன்றது சவ்வு. தோலின் வெளிப்புற வெப்பமான 32 பாகை செல்சியசில் சாந்தின் மூலக்கூறுகள் நெருங்கி, ஒழுங்காக அணிவகுத்து, ஏறக்குறையப் படிகம்போல் இறுகியுள்ளன. சவ்வின் மூலக்கூறுகளோ இளகி நகர்ந்துகொண்டிருக்கின்றன. இறுகியதை இளக்கப் போதிய வலிமை உள்ள ஒரு பொருள், முன்னரே இளகியுள்ள ஒன்றைத் தீண்டினால் என்ன ஆகும்? இக்கட்டுரையின் மையப் பொருள் இதுவே.

ஒரு சொல்லைப் பற்றி

தோலின் தடையைக் குறைத்து, மருந்து கடந்து செல்ல உதவும் பொருள்களை ‘ஊடுருவல் ஊக்கி’ என்று தமிழில் வழங்கி வருகிறோம். மொழிபெயர்ப்புப் பணியில் உள்ள எனக்கு இச்சொல்லில் முழு மனநிறைவு இல்லை. ஊக்கி என்றவுடன் வினையூக்கி நினைவுக்கு வரும். மாணவர் இரண்டையும் ஒன்றெனக் கொள்வர். மேலும், ஊக்கப்படுவது மருந்து என்னும் எண்ணமும் எழும். உண்மையில் இப்பொருள்கள் மருந்துக்கு எவ்வகை ஊக்கமும் தருவதில்லை, காவலைத் தளர்த்துகின்றன. பயணியை விரைவுபடுத்துவதற்கும் கோட்டைக் கதவின் தாழை நீக்குவதற்கும் வேறுபாடு உண்டன்றோ? ‘தடை தளர்த்தி’ என்றிருப்பின் பொருள் தெளிவாயிருக்கும். வழக்கில் வேரூன்றிய சொல்லை மாற்றுதல் அரிது. ஆதலின் இங்கும் ஊக்கி என்றே எழுதுகிறேன். படிப்போர் அதனைத் தடை தளர்த்தி என்றே உணர்க.

இத்தகைய பொருள்களை மருத்துவ உலகம் நாடியதற்குக் காரணம் உண்டு. உண்ணும் மருந்து வயிற்றையும் கல்லீரலையும் கடந்தாக வேண்டும். ஊசியோ வலி தருவது. தோலில் ஒட்டிய வில்லையிலிருந்து மருந்து மெல்ல மெல்லக் குருதியிற் சேருமாயின் இவ்விரு தொல்லையும் இல்லை. பயண வாந்தியைத் தடுக்கும் ஸ்கோபொலமின் வில்லை 1979-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அவ்வகையில் அதுவே முதலாவது. ஆயினும் மூலக்கூறு எடை ஏறத்தாழ 500-க்கு மேற்பட்ட பொருள்கள் குறைபாடற்ற தோலைக் கடப்பது அரிது. இன்சுலினின் எடை 5,800 அளவில் உள்ளது. நீரிழிவு நோயாளர் இன்றும் ஊசியைச் சார்ந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காகித ஆலையிலிருந்து வந்த திரவம்

டைமெதில் சல்பாக்சைடை முதன்முதல் ஆக்கியவர் உருசிய நாட்டு இரசாயன அறிஞர் அலெக்சாந்தர் சாய்ட்செவ். காலம் 1860-களின் நடுப்பகுதி. அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு அது ஒரு கரைப்பானாகவே கிடந்தது. மரக்கூழிலிருந்து காகிதம் செய்யும் தொழிலின் துணைப்பொருளிலிருந்து அதனை மலிவாகப் பெற முடிந்தது. 1960-களின் தொடக்கத்தில், அத்தொழிலைச் சார்ந்த இரசாயன வல்லுநர் இராபர்ட் ஹெர்ஷ்லரும் ஓரிகன் மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவர் ஸ்டான்லி ஜேக்கப்பும் அது தோலை மிக எளிதில் கடப்பதை உலகுக்கு எடுத்துரைத்தனர். மூட்டு வலிக்கும் சுளுக்குக்கும் இதுவே மருந்து என மக்கள் பெருவிருப்புடன் நாடினர். 1965 நவம்பரில் அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் மனிதர்மீது நடந்த ஆய்வுகளை நிறுத்தியது. மிகுதியாக அத்திரவம் தரப்பட்ட விலங்குகளின் கண் வில்லையில் மாறுதல் காணப்பட்டதே காரணம். பிற்காலத்தில் தடை தளர்ந்தது. ஒருவகைச் சிறுநீர்ப்பை அழற்சிக்கு மருந்தாக 1978-இல் அதற்கு அனுமதி கிடைத்தது. மூட்டு வலிக்குத் தடவும் டைக்ளோபினாக் கரைசல் ஒன்றில் நூற்றுக்கு 45 பங்குக்கு மேல் இத்திரவம் உண்டு. அதற்கு 2009-இல் அமெரிக்க அனுமதி வழங்கப்பட்டது.

இத்திரவம் சவ்வில் நிகழ்த்துவது என்ன என்பதைக் கணிப்பொறியில் மூலக்கூறுகளின் அசைவைக் கணக்கிட்டு 2006, 2007 ஆண்டுகளில் ஆராய்ந்தனர். விளைவு அளவைப் பொறுத்து மூன்று நிலைகளாக அமைந்தது. குறைந்த அளவில், இதன் மூலக்கூறுகள் கொழுப்பு மூலக்கூறுகளின் தலைப்பகுதிக்குச் சற்றுக் கீழே போய் அமர்கின்றன. கூட்டத்தில் இடையிடையே சிலர் நுழைந்தாற்போல் வரிசை அகல்கிறது; சவ்வு மெலிந்து துவள்கிறது. அளவு கூடும்போது சவ்வில் நீர் நிரம்பிய சிறு துளைகள் தோன்றி மறைகின்றன. மேலும் கூடினால் இரு வரிசை அமைப்பே குலைந்து, சவ்வு சவ்வாக இராமற் போகிறது.

ஆராய்ச்சிச்சாலைகளின் பட்டறிவும் இதற்கு ஒத்தே செல்கிறது. எலும்பு மச்சைச் செல்களை உறையவைத்துப் பாதுகாக்க நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவில் இதே திரவத்தைச் சேர்க்கின்றனர். அது செல்லுக்குள் எளிதிற் புகுந்து, பனிப்படிகங்கள் செல்லைக் கிழிக்காமற் காக்கிறது. ஆனால் குளிர்ந்த நிலையிலேயே அதைச் சேர்ப்பர். உடல் வெப்பத்தில் நெடுநேரம் விட்டால் அச்செல்களுக்கே அது கேடாகும். தோலின் சாந்தை நன்கு தளர்த்துவதற்கோ நூற்றுக்கு அறுபது பங்குக்கு மேல் வேண்டியிருக்கிறது. செல்லைக் காக்கும் அளவு ஒன்று. தோலைத் திறக்கும் அளவு அதன் ஆறு மடங்கு. இடையில் உள்ள தொலைவை நோக்கின், தோலைத் திறந்தபின் அடியில் உள்ள செல்களின் நிலை என்னாகும் என்பதை எளிதில் உணரலாம். கொம்புப்படலத்தில் இத்திரவம் வேறும் செய்கிறது: சாந்தின் ஒரு பகுதியைக் கரைத்து வெளியேற்றுகிறது, செங்கற்களில் உள்ள கெரட்டினின் சுருளையும் மாற்றிவிடுகிறது.

வளைந்த வால்

எல்லா ஊக்கிகளும் ஒரே முறையில் இயங்குவதில்லை. சாராயம் சாந்தைக் கரைத்தெடுக்கிறது. யூரியா செங்கற்களில் நீரைப் பெருக்கி ஊறச்செய்கிறது. தைலங்களில் உள்ள மென்தால், நீலகிரித் தைலத்தின் சினியோல் ஆகியவை சாந்தின் வரிசையைக் குலைக்கின்றன. வலி தணிக்கும் களிம்பைத் தேய்த்து, அதன்மேல் துணியை இறுகச் சுற்றி, வெந்நீர்ப் பையும் வைத்துக்கொள்வோர் உண்டு. மென்தாலும் வெப்பமும் மூடலும் ஒன்றுகூடின், களிம்பில் உள்ள சாலிசிலேட்டு எதிர்பார்த்ததினும் மிகுதியாக உட்செல்லும். அவ்வாறு செய்தல் தகாது.

இவற்றுள் கற்பித்தற்கு மிக உகந்தது ஓலியிக் அமிலம். ஸ்டியரிக் அமிலத்துக்கும் இதற்கும் கார்பன் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே, பதினெட்டு. ஸ்டியரிக் அமிலத்தின் வால் நேரானது. நேரான குச்சிகளை அடுக்கினாற்போல் அவை நெருங்கி அமையும். ஆகவே அது உருக ஏறத்தாழ 69 பாகை வெப்பம் வேண்டும். ஓலியிக் அமிலத்தின் நடுவில் உள்ள இரட்டைப் பிணைப்பு அதன் வாலை வளைத்துவிடுகிறது. அது 14 பாகையிலேயே உருகிவிடும். நேரான குச்சிகளின் கட்டுக்குள் வளைந்த குச்சிகள் சிலவற்றைச் செருகினால் கட்டு நெகிழும். தோலின் சாந்துக்குள் ஓலியிக் அமிலம் செய்வது இதுவே. அதே அமிலம், அதே பிணைப்பு, ஆனால் வளைவு இல்லாத வடிவம் ஒன்று உண்டு. அது எலைடிக் அமிலம். தோலைத் தளர்த்துவதில் அது பின்தங்கியே இருக்கிறது. பொருளின் குணம் அதன் வடிவைச் சார்ந்தது என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டா.

இது வீட்டு எண்ணெயையும் தொடும் செய்தி. பிறந்த குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது நம் நாடு முழுவதும் உள்ள வழக்கம். வடநாட்டில் கடுகெண்ணெய் பெரிதும் பயன்படுகிறது. குறைமாதத்திற் பிறந்த குழந்தையின் கொம்புப்படலம் முதிர்ந்திராது. 2002-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், சுண்டெலிகளின் சேதமுற்ற தோலில் கடுகெண்ணெய் தடவியபோது காவல் மீள்வது தாமதமாயிற்று. லினோலியிக் அமிலம் மிகுந்த சூரியகாந்தி எண்ணெய் தடவியபோது விரைந்து மீண்டது. செராமைடுகளுட் சிலவற்றை ஆக்கத் தோலுக்கு லினோலியிக் அமிலம் தேவை என்பதை இங்கு நினைவுகூர்க. டாக்கா நகரின் குழந்தைகள் மருத்துவமனையில், 33 வாரத்துக்கு முன் பிறந்த சிசுக்களுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவியதில், மருத்துவமனையில் தொற்றும் நோய்கள் நூற்றுக்கு 41 பங்கு குறைந்ததாக 2005-இல் அறிவித்தனர். ஆயினும் இவ்வாய்வு மருத்துவமனையில் இருந்த குறைமாதச் சிசுக்களைப் பற்றியது. வீட்டில் நலமாக உள்ள நிறைமாதக் குழந்தைக்கும் இது அப்படியே பொருந்தும் என்று தாய்மாரிடம் கூறிவிடலாகாது. ஓலியிக் அமிலம் மிகுந்த சூரியகாந்தி வகைகளும் இன்று உண்டு. எண்ணெயின் பெயர் ஒன்றை மட்டும் கொண்டு அதன் குணத்தை முடிவு செய்வதற்கில்லை.

சிவத்தல் என்னும் குரல்

கொம்புப்படலத்தைத் தளர்த்திய பொருள் அங்கேயே நின்றுவிட்டால் தொல்லை இல்லை. அது நிற்பதில்லை, கீழே உள்ள உயிர்ச் செல்களையும் அடைகிறது. அவற்றின் இளகிய சவ்வு எளிதிற் பாதிப்புறும். சலவைத் தூளிலும் பற்பசையிலும் பயன்படும் சோடியம் லாரில் சல்பேட்டு போன்ற பொருள் சவ்வின் கொழுப்பைத் தன் சிறு திரளைகளுக்குள் வாரிக்கொள்கிறது. சவ்வு கிழிந்த செல்லிலிருந்து, முன்னரே சேமித்து வைக்கப்பட்டிருந்த இன்டர்லூக்கின்-1 ஆல்ஃபா என்னும் புரதம் கசிகிறது. அக்கம்பக்கத்துச் செல்களுக்கும் குருதிக் குழாய்களுக்கும் அதுவே அறிவிப்பு. தோல் சிவக்கிறது, எரிகிறது. நாள்தோறும் பாத்திரம் துலக்குவோர் கைகளில் நாம் காணும் வெடிப்பும் சிவப்பும் இவ்வகையினவே.

நல்ல ஊக்கிக்கு இலக்கணமாக நூல்கள் சில குணங்களைக் கூறுகின்றன: விரைந்து செயற்பட வேண்டும்; பணி முடிந்ததும் தோல் பழைய நிலைக்கு மீள வேண்டும்; மருந்தை உள்ளே விட்டாலும் உடலின் நீரை வெளியே விடலாகாது; எரிச்சல் தரலாகாது. முன்னூறுக்கும் மேற்பட்ட பொருள்களை ஆராய்ந்தும் இவ்வனைத்தும் அமைந்த ஒன்று கிடைத்திலது. வலிமை மிகுந்தவை எரிச்சல் தருகின்றன. எரிச்சல் தராதவை வலிமையற்றுள்ளன. மும்பையில் இரசாயனப் பொறியியல் பயின்று கலிபோர்னியாவில் ஆராய்ச்சி நடத்திய சமீர் மித்ரகோத்ரியும் அவர்தம் குழுவினரும் பல்லாயிரம் கலவைகளை விரைந்து சோதிக்கும் முறை ஒன்றை 2004-இல் வெளியிட்டனர். தோலை நன்கு திறந்தும் எரிச்சல் விளைவிக்காத கலவைகள் அவற்றுள் மிகச் சிலவே.

மருந்தகத்திலிருந்து வயலுக்கு

மருந்து செய்வோர் இவ்வளவு ஆராய்ந்து, அளந்து, அஞ்சி அஞ்சிச் சேர்க்கும் இதே வகைப் பொருள்கள், எவ்வகை அச்சமும் இன்றி நாள்தோறும் கையாளப்படும் இடம் ஒன்று உண்டு. அது பூச்சிமருந்து தெளிக்கும் வயல்.

ஈ.சி. என்று களப்பணியாளர் குறிக்கும் குழம்பாகும் மருந்தை எடுத்துக்கொள்வோம். நீரிற் கரையாத நஞ்சு, சைலீன் போன்ற எண்ணெய்க் கரைப்பானில் கரைக்கப்பட்டு, நீருடன் கலந்து வெண்மையாகப் பரவுவதற்காகக் குழம்பாக்கிகள் சேர்க்கப்பட்ட திரவம் அது. கரைப்பான் தோலின் சாந்தைக் கரைப்பது. குழம்பாக்கி சோப்பின் இனம். அஃதாவது நஞ்சும் இருவகை ஊக்கியும் ஒரே புட்டியில் உள்ளன. தெளிக்கும்போது இலையில் ஒட்டுவதற்கென்று ஒட்டுத்திரவமும் சேர்க்கிறோம். இலையின் மேலும் மெழுகுப் படலம் ஒன்று உண்டு. அது நீரைத் தடுப்பது. அதை நனைத்துத் தளர்த்துவதற்கே இவையெல்லாம். இலையின் மெழுகை வெல்லச் சேர்த்த பொருள், தெளிப்பவர் தோலின் மெழுகை விட்டுவைக்கும் என எதிர்பார்த்தல் எவ்வாறு? ஆகவே ஒரே நஞ்சாயினும், நனையும் தூளாக இருப்பதைவிட ஈ.சி. ஆக இருக்கும்போது தோல்வழி அபாயம் பொதுவாக மிகுதி என்பதை உழவர்க்கு விளக்குதல் வேண்டும்.

2017-ஆம் ஆண்டு மகாராஷ்டிர மாநிலத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்தோர் நூற்றுக்கணக்கில் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். காரணங்கள் பல. அவ்வாண்டு பருத்திச் செடிகள் ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்தமையால் முகத்துக்கு நேரே தெளிக்க நேர்ந்தது; மூச்சின் வழியேயும் நஞ்சு சென்றது; பல மருந்துகள் ஒன்றாகக் கலக்கப்பட்டன. நனைந்த தோலுக்கும் அதில் பங்கு உண்டு. வெயிலில் வியர்த்து ஊறிய தோல் உலர்ந்த தோலைவிட எளிதில் வழிவிடும். வெப்பம் சாந்தை மேலும் இளக்கும். நனைந்த சட்டை உடலோடு ஒட்டி, மருந்தகத்தார் வில்லையால் செய்யும் மூடலைத் தானே செய்துவிடும்.

உடலின் எல்லாப் பகுதியும் ஒரே தன்மையது அன்று. பாரதியான் என்னும் பூச்சிமருந்தின் மிகச் சிறிய அளவைத் தன்னார்வலர் தோலின் வெவ்வேறு இடங்களில் இட்டு, எவ்வளவு உட்சென்றது என்று அமெரிக்காவில் அளந்து 1971-இல் வெளியிட்டனர். முன்கையில் இட்டதில் நூற்றுக்கு ஒன்பது பங்கு அளவே உட்சென்றது; நெற்றியில் 36 பங்கு; அக்குளில் 64 பங்கு; விரைப்பையில் இட்டதோ ஏறத்தாழ முழுவதும் உட்சென்றது. முதுகில் சுமக்கும் தெளிப்பானின் மூடி கசிந்தால் திரவம் எவ்வழியே இறங்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். முதுகு நனையும், இடுப்பு நனையும், அதன்கீழ் கால்சட்டையோ வேட்டியோ ஊறும். கையுறையைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். கசியும் மூடியைப் பற்றியும் நனைந்த வேட்டியைப் பற்றியும் பேசுவது குறைவு. தெளிப்பதற்கு முன் வெறும் நீரை நிரப்பிக் கசிவு பார்த்தல் ஐந்து நிமிட வேலை.

நீர் கலவாத மருந்தைப் புட்டியிலிருந்து ஊற்றி அளக்கும் நேரமே யாவற்றினும் அபாயமானது. கரைப்பானும் நஞ்சும் முழு வலிமையோடு அப்பொழுது உள்ளன. கையுறைக்குள் மருந்து புகுந்துவிட்டால், அக்கையுறையை அணிந்திருத்தல் அணியாமையினும் தீது. வெளியேற வழியின்றி வியர்வையோடு அது தோலில் ஊறும். தோலிற் பட்டால் ஆடையை உடனே களைந்து, சோப்பிட்டு, குளிர்ந்த நீரை மிகுதியாக ஊற்றிக் கழுவுக. வலிந்து தேய்த்தலும் வெந்நீரும் வேண்டா. மண்ணெண்ணெயால் துடைத்தல் அறவே கூடாது. அது தோலின் சாந்தை வாரிச் செல்லும். முன்னதாக எண்ணெய் பூசிக்கொண்டால் காப்பாகும் என்று கருதுவோர் உண்டு. எண்ணெயில் கரையும் நஞ்சுக்கு எண்ணெய் தடையாவது எவ்வாறு? மயக்கம், மிகுவியர்வை, வாயில் நீர் ஊறல், கண்பாவை சுருங்குதல் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால், மருந்துப் புட்டியின் சீட்டுடன் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க.

இன்னும் ஒன்று. கரைப்பானாற் சேதமுற்ற காவலைத் தோல் தானே சீரமைத்துக்கொள்ளும். சேதம் சிறிதாயின் முதல் அரை நாளில் பாதியளவும், மூன்று நாளளவில் முழுவதும் சீராகும். ஆனால் கூலிக்குத் தெளிப்போர் பருவக் காலத்தில் நாள்தோறும் ஒவ்வொரு வயலாகச் செல்கின்றனர். நேற்றுத் திறந்த கதவு மூடுவதற்குள் இன்று மீண்டும் திறக்கிறது. முதல் நாள் தீங்கு செய்யாத அதே மருந்து, அதே அளவில், நான்காம் நாள் அவரைச் சாய்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகலாம். ஒரே ஆளை இடைவிடாது தெளிக்க விடாமல் ஆள் மாற்றித் தெளிக்கச் செய்யுமாறு களப்பணியாளர் வற்புறுத்துதல் இயலும். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

பள்ளியில் செய்து காட்ட

சவ்வு தளர்வதை மாணவர் கண்ணாற் காணப் பீட்ரூட் கிழங்கு ஒன்று போதும். அதன் செந்நிறச் சாயம் செல்களுக்குள் சவ்வாற் சூழப்பட்டு அடங்கியிருக்கிறது. கிழங்கை ஒரே அளவான சிறு துண்டுகளாக நறுக்குக. நறுக்கும்போது அறுபட்ட செல்களின் சாயம் ஒழுகுமாதலின், நிறம் கசிவது நிற்கும்வரை துண்டுகளை நீரில் பலமுறை அலசுதல் இன்றியமையாதது. இதனைச் செய்யாது விட்டால் சோதனை பொய்யாகும். பின்னர் நான்கு கண்ணாடிக் குவளைகளை எடுத்து, ஒன்றில் தூய நீரும், ஒன்றில் சலவைத் தூள் கரைத்த நீரும், ஒன்றில் சிறிதளவு சாராயம் கலந்த நீரும், ஒன்றில் பாதிக்குப் பாதி சாராயம் கலந்த நீரும் ஊற்றுக. ஆய்வுக்கூடத்துச் சாராயம் எளிதில் தீப்பற்றுவது. விளக்கை அருகில் வைக்கலாகாது. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை இட்டு அரைமணி நேரம் விட்டுவைக்க. டைமெதில் சல்பாக்சைடைக் கொண்டு இச்சோதனையைச் செய்ய முற்பட வேண்டா. அது மெல்லிய இரப்பர் கையுறைகளையும் கடக்கும்.

தூய நீர் ஏறக்குறைய நிறமற்றே இருக்கும். பாதி சாராயம் உள்ள குவளை செக்கச் சிவந்துவிடும். மற்ற இரண்டின் நிறத்தை மாணவரே ஒப்பிட்டு வரிசைப்படுத்தட்டும். வகுப்பு முடிவதற்குள், பாதி சாராயத்தில் கிடந்த துண்டை வெளியே எடுத்து, மேலே ஒட்டியதை நீரில் அலசி, புதிய தூய நீரில் இட்டு வையுங்கள். சாராயம் போய்விட்டது, இனிக் கசியாது என்று மாணவர் கூறக்கூடும். சிறிது நேரத்தில் அந்நீரும் சிவக்கத் தொடங்கும்.